பீட்ரூட்டா, கேரட்டா? பெண்ணுக்கு ரத்தம் ஊற எது நல்லது?

பாலக்கோடு அம்மா
ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். என் பெண் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு மாதமாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறது. மதியம் வகுப்பில் தூங்கி வழிகிறாள் என்று டீச்சர் போன் செய்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தோம், ஹீமோகுளோபின் 9.6. டாக்டரிடம் புதன்கிழமை போகிறோம். அதற்குள் வீடு இரண்டு கட்சியாகிவிட்டது.

என் மாமியார் பீட்ரூட் கட்சி. "செவப்பா இருக்கறது செவப்பத்தானே குடுக்கும்" என்று ஒரே பேச்சு. வீட்டுக்காரர் கேரட் கட்சி. கேரட்டில் இல்லாத வைட்டமின் இல்லை, பச்சையாகக் கடித்துத் தின்றால் போதும், பீட்ரூட் வெறும் சர்க்கரைக் கிழங்கு என்கிறார். என் பெண் எந்தக் கட்சியிலும் இல்லை. பீட்ரூட் பொரியலைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுகிறாள், அப்புறம் சோறு சிவந்துவிட்டது என்று அந்தச் சோற்றையும் தள்ளுகிறாள்.

இன்றைக்குச் சந்தையில் இரண்டிலும் ஒவ்வொரு கிலோ வாங்கி வந்துவிட்டேன். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. சத்தில் எது உசத்தி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஓசூர் ஷிப்ட்
ஞாயிறு, இரவு 10.15

அக்கா, இதற்கு எதற்குச் சண்டை? ஏபிசி ஜூஸ் போடுங்கள். ஆப்பிள், பீட்ரூட், கேரட் மூன்றையும் மிக்சியில் அடித்து வடிகட்டி, கொஞ்சம் தேன். நைட் ஷிப்ட் முடிந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் தினமும் குடிக்கிறேன். முகம் பளபளக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். மாமியார் கட்சி, வீட்டுக்காரர் கட்சி இரண்டும் ஒரே டம்ளரில் கூட்டணி.


பென்னாகரம் வாத்தியார்
திங்கள், காலை 6.05

தம்பி, ஒரு டம்ளர் ஜூஸ் விலையில் எங்கள் ஊரில் இரண்டு நாளைக்குக் களி கிண்டலாம். பெண்ணுக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் போடும்மா. நாங்கள் எல்லாம் அதைத் தின்றுதான் ஐந்து மைல் நடந்து பள்ளிக்குப் போனோம். அந்தக் காலத்தில் யார் ஹீமோகுளோபின் பார்த்தார்கள்?


அரூர் சித்தி
திங்கள், காலை 7.30

பார்க்காததால்தான் சார் தெரியவில்லை. என் பாட்டிக்கு எப்போது பார்த்தாலும் கண் இமை வெளுத்துத்தான் இருக்கும். "அவ உடம்பு வாகு அப்படி" என்று சொல்லியே முடித்துவிட்டார்கள்.


கிருஷ்ணகிரி டயட்
திங்கள், மதியம் 1.20

அக்கா, நான் ஊட்டச்சத்து படித்தவள், இதே கேள்வியை வாரத்துக்கு நான்கு பேர் என்னிடம் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் இரண்டையும் தராசில் வைப்போம். 100 கிராம் பச்சைக் காய்க்கு, அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணையில் உள்ள கணக்கு இது. நம் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் 528 உணவுகளை அளந்து ஓர் அட்டவணை போட்டிருக்கிறது. எண்கள் அங்கே கொஞ்சம் முன்பின் இருக்கும், கதை மாறாது. (அந்த நிறுவனம் 1918இல் நம் குன்னூரில் ஒரு சின்ன ஆய்வுக்கூடமாகத்தான் ஆரம்பித்தது. 1958இல்தான் ஹைதராபாத் போனது.)

கலோரி: கேரட் 41, பீட்ரூட் 43. நார்ச்சத்து இரண்டிலும் 2.8 கிராம். பொட்டாசியம் 320, 325 மி.கி. பத்தில் ஒன்பது பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர், இரண்டிலும். இதுவரைக்கும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. பீட்ரூட் வெறும் சர்க்கரை என்று வீட்டுக்காரர் சொன்னாரே, சர்க்கரை பீட்ரூட்டில் 6.8 கிராம், கேரட்டில் 4.7. அவர் கட்சியிலும் சர்க்கரை இருக்கிறது.

பிரியும் இடம் இரண்டு. வைட்டமின் ஏ-வில் கேரட் 835 மைக்ரோகிராம், பீட்ரூட் 2. ஆமாம், வெறும் 2. ஒரு பெரிய கேரட்டில் ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறத்தாழ வந்துவிடும். ஃபோலேட் என்கிற பி வைட்டமினில் தலைகீழ். பீட்ரூட் 109 மைக்ரோகிராம், கேரட் 19. வளர்ந்த பெண்ணுக்கு நாளுக்கு 220 வேண்டும் என்றால் பீட்ரூட் பாதியைக் கொடுத்துவிடுகிறது.

இப்போது நீங்கள் கேட்ட விஷயம், ரத்தம் ஊற வேண்டிய இரும்பு. பீட்ரூட் 0.8 மி.கி., கேரட் 0.3 மி.கி.

உங்கள் மாமியார் ஜெயித்துவிட்டார் என்று அவசரப்பட வேண்டாம். வயசுக்கு வந்த பெண்ணுக்கு நம் ஊர்ப் பரிந்துரை நாளுக்கு 29 மி.கி. அக்கம்பக்கம். அதைப் பீட்ரூட்டில் மட்டும் தேடினால் தினமும் மூன்றரைக் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். தின்றாலும், காய்கறி இரும்பில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் ஏறினாலே பெரிது. பீட்ரூட்டின் சிவப்பு இரும்பால் வந்ததே இல்லை. பீட்டானின் என்று ஒரு சாயம். ஐஸ்கிரீமில், ஜாமில் நிறத்துக்குச் சேர்க்கிறார்களே, அதேதான்.


பாலக்கோடு அம்மா
திங்கள், மதியம் 2.45

ஐயோ, அப்போ இந்த ரெண்டு கிலோவை என்ன செய்ய?


கிருஷ்ணகிரி டயட்
திங்கள், மதியம் 3.10

சமையுங்கள் அக்கா, தூக்கிப் போடாதீர்கள்! இரும்பு போதாது என்றுதான் சொன்னேன், ரத்தத்துக்கு ஆகாது என்று சொல்லவில்லை. சிவப்பணு உருவாக ஃபோலேட் வேண்டும். அது இல்லாவிட்டால் அணு பெரிசு பெரிசாக, அரைகுறையாக வெளியே வரும். உடம்பு சேமித்து வைத்த இரும்பை வெளியே எடுத்துப் பயன்படுத்த வைட்டமின் ஏ வேண்டும். ஏ குறைந்தால் ரத்தமும் குறையும். அதனால் உங்கள் வீட்டில் இரண்டு கட்சியும் பாதி சரி. வீடு கட்டுகிற கணக்கில் சொன்னால் பீட்ரூட் கொத்தனார், கேரட் சித்தாள். ஆனால் செங்கல் வேறு சூளையிலிருந்துதான் வர வேண்டும்.


ஓசூர் ஷிப்ட்
திங்கள், மாலை 4.00

அப்போ என் ஜூஸ்?


கிருஷ்ணகிரி டயட்
திங்கள், மாலை 4.25

உங்கள் ஜூஸில் வடிகட்டித் தூக்கி எறிந்த சக்கையில்தான் நார்ச்சத்து போய்விட்டது. மிச்சம் சர்க்கரைத் தண்ணீர், மேலே தேன் வேறு. கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் எண்ணெய் கூட இருந்தால்தான் நன்றாக ஏறும். ஜூஸில் எண்ணெய் ஏது? துருவி, கடுகு தாளித்து, தேங்காய்ப்பூ போட்டு வதக்கின கேரட், பச்சைக் கேரட்டைவிட வைட்டமின் ஏ-வை அதிகமாகக் கொடுக்கும். முகப் பளபளப்புக்கு நைட் ஷிப்டில் தூங்காமல் வழிந்த எண்ணெயும் காரணமாக இருக்கலாம் தம்பி.


தளி தோட்டம்
திங்கள், இரவு 8.50

நான் இரண்டையும் பயிர் செய்கிறவன். தளிப் பக்கம் குளிர் இருப்பதால் இரண்டும் நன்றாக வரும். படித்தவர்கள் சத்தைச் சொல்லிவிட்டார்கள், நான் மண்ணைச் சொல்கிறேன்.

இரண்டையும் கிழங்கு என்று ஒரே கூடையில் போடுகிறோம், ஆனால் உறவே இல்லை. கேரட்டைப் பிடுங்காமல் பூக்க விட்டுப் பாருங்கள். அச்சு அசல் கொத்தமல்லிப் பூ மாதிரி வெள்ளைக் குடை விரிக்கும். கொத்தமல்லி, சீரகம், சோம்பு எல்லாம் அதன் பங்காளி. பீட்ரூட் கீரைக் குடும்பம். பாலக்கும் தண்டுக்கீரையும் அதற்கு அண்ணன் தம்பி. பீட்ரூட் விதை என்று பாக்கெட்டில் வருவது ஒற்றை விதை கிடையாது. முள்ளு முள்ளாக ஒரு சின்ன உருண்டை, அதற்குள் இரண்டு மூன்று விதை. ஒன்று போட்டால் மூன்று முளைக்கும். கலைத்து விடாவிட்டால் கிழங்கு பருக்காது, கோலிக்குண்டு மாதிரி நின்றுவிடும். என் அம்மா இன்றைக்கும் குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். பிடுங்கின நாற்றைக் கீழே போட மாட்டார். மடியில் கட்டிக்கொண்டு வந்து பருப்போடு கடைந்துவிடுவார்.

அதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்கள் பீட்ரூட் வாங்கும்போது இலை இருந்ததா?


பாலக்கோடு அம்மா
திங்கள், இரவு 9.15

இல்லை அண்ணா. மொட்டையாக, காம்பு ரெண்டு அங்குலம் மட்டும் இருந்தது.


தளி தோட்டம்
திங்கள், இரவு 9.40

அதுதான். வயலிலேயே அறுத்துவிடுவோம். இலை இருந்தால் மூட்டையில் இடம் பிடிக்கும், வாடி அழுகும், வியாபாரி எடை கழிப்பான். வண்டி வண்டியாக மாட்டுக்குப் போகிறது. மாடு நல்லா பால் கறக்குது, நம் பிள்ளைகளுக்கு ரத்தம் இல்லை.


கிருஷ்ணகிரி டயட்
திங்கள், இரவு 10.05

அண்ணா சொன்னது முக்கியமான விஷயம். பீட்ரூட் இலையில் 100 கிராமுக்கு இரும்பு 2.6 மி.கி. கிழங்கைப்போல் மூன்று பங்கு. கால்சியம் கிழங்கில் 16, இலையில் 117. வைட்டமின் சி இலையில் 30, கிழங்கில் 5. கேரட் கட்சியின் வைட்டமின் ஏ-வும் இலையில் இருக்கிறது, கேரட் அளவுக்கு இல்லாவிட்டாலும்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அந்த இலையில் பாலக் மாதிரியே ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தையும் இரும்பையும் கொஞ்சம் கட்டிப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இலையையும் கிழங்கையும் அடிக்கடி சேர்க்கக் கூடாது. அதனால் முதல் மார்க் முருங்கைக் கீரைக்குத்தான். ஹைதராபாத் அட்டவணையில் இரும்பு சுமார் 4.5 மி.கி., கால்சியம் 300க்கு மேல், வைட்டமின் சி 100க்கு மேல். வீட்டு வேலி ஓரத்தில் சும்மா நிற்கிறது.


அரூர் சித்தி
செவ்வாய், காலை 10.20

பீட்ரூட் பற்றி ஒரு கதை இருக்கிறது, சொல்லாமல் போக முடியாது.

போன வருஷம் யாரோ சொன்னார்கள் என்று என் வீட்டுக்காரருக்கு ரத்தக் கொதிப்புக்காகப் பீட்ரூட் ஜூஸ் கொடுத்தேன். இரண்டு டம்ளர், இரவு. காலையில் பாத்ரூமிலிருந்து ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "ரத்தமாப் போவுது" என்கிறார். எட்டிப் பார்த்தேன், நிஜமாகவே இளஞ்சிவப்பு. எனக்கும் கை கால் ஓடவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் அவர் எந்த நிலம் யார் பேருக்கு என்று சொல்லிக்கொண்டே வருகிறார். டியூட்டி டாக்டர் சின்னப் பையன். நாடியைப் பிடித்துக்கொண்டே "நேத்து நைட்டு என்ன சாப்பிட்டீங்க?" என்றான். சொன்னோம். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டான். ஆனாலும் ஸ்கேன், சிறுநீர், ரத்தம் எல்லாம் எழுதிக் கொடுத்தான். அதற்கு ஆன செலவில் ஒரு மூட்டை பீட்ரூட் வாங்கியிருக்கலாம்.

வீட்டுக்காரர் இன்றைக்கும் பீட்ரூட்டைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வார்.


கிருஷ்ணகிரி டயட்
செவ்வாய், மதியம் 1.05

சித்தி, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. அந்தச் சாயம் சிலருக்கு வயிற்றில் சிதையாமல் அப்படியே இறங்கிவிடும். கெடுதல் இல்லை. இரும்பு குறைந்தவர்களிடம் இது கூடுதலாகத் தென்படும் என்பார்கள். கேரட்டும் சளைத்ததில்லை. மாதக்கணக்கில் அரைக்கிலோ அரைக்கிலோவாகத் தின்றால் உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகும். காமாலை என்று பயந்து வருவார்கள். கண் வெள்ளை மஞ்சளாகாது, அதை வைத்துப் பிரித்துவிடலாம்.

ரத்தக் கொதிப்புக்குப் பீட்ரூட் என்பது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. அதில் நைட்ரேட் அதிகம். வாயில் இருக்கும் பாக்டீரியா அதை மாற்றிக் கொடுத்து, கடைசியில் ரத்தக்குழாய் கொஞ்சம் தளரும். அழுத்தம் கொஞ்சம் இறங்கும். கொஞ்சம்தான், மாத்திரையை நிறுத்துகிற அளவுக்கு இல்லை. வாய் கொப்பளிக்கிற மருந்து அடிக்கடி போடுகிறவர்களுக்கு அந்தப் பாக்டீரியா செத்து, இந்தப் பலனும் குறைந்துவிடும். வேடிக்கையான உடம்பு.


தளி தோட்டம்
செவ்வாய், இரவு 8.30

நைட்ரேட் என்றதும் ஞாபகம் வருகிறது. அறுவடைக்கு முன்னால் யூரியாவை அள்ளிப் போட்டால் கிழங்கில் அது இன்னும் ஏறும். இலை கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கும், கிழங்கு சப்பென்று இருக்கும். வாங்கும்போது ரொம்பப் பெரிசாக எடுக்காதீர்கள். கிரிக்கெட் பந்து அளவு போதும். அதற்கு மேல் போனால் நடுவில் நார் ஓடும். வெட்டும்போது உள்ளே கருப்புத் திட்டு இருந்தால் பூச்சி இல்லை, மண்ணில் போரான் என்கிற சத்து குறைவு. அந்த இடத்தைச் செதுக்கிவிட்டுச் சமைக்கலாம்.


காவேரிப்பட்டணம் சுகர்
செவ்வாய், இரவு 9.10

எனக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. கிழங்கு எதையும் தொடாதே என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் இரண்டையும் விட்டுவிட்டேன். சரிதானா?


கிருஷ்ணகிரி டயட்
செவ்வாய், இரவு 9.35

விட வேண்டியதில்லை அண்ணா. உருளை, மரவள்ளி மாதிரி இவற்றில் மாவு இல்லை. ஒரு கப் பொரியலாகச் சாப்பிட்டால் சர்க்கரை பெரிதாக எகிறாது. சோற்றைக் குறைத்துப் பொரியலைக் கூட்டுங்கள். ஜூஸ், அல்வா வேண்டாம். கேரட் அல்வாவைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். மாம்பழ சீசனில் உங்கள் ஊரில் எப்படி வாயைக் கட்டுகிறீர்களோ, அதுதான் பெரிய கவலை.


பென்னாகரம் வாத்தியார்
புதன், காலை 6.00

களியைப் பற்றி யாரும் பேசக் காணோம். கேழ்வரகில் இரும்பு இல்லையா? எனக்கு இன்னொரு சந்தேகம். நம் மாவட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு. என் மாணவர்களில் பாதிப் பேருக்குப் பல்லில் காவிக் கறை இருந்தது. லிட்டருக்கு 1.5 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்பார்கள், இங்கே பல கிணறுகளில் தாண்டும். கேரட்டைக் கடித்தால் அந்தக் கறை போகும் என்று ஒருவர் சொன்னாரே?


கிருஷ்ணகிரி டயட்
புதன், காலை 8.15

போகாது சார். பல் உள்ளே உருவாகும்போதே விழுந்த கறை அது. கேரட் மேலே தேய்த்துப் பயனில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் வருகிற ஊர்களில் குடிக்கவும் சமைக்கவும் அதையே வைத்துக்கொள்வதுதான் வழி. கூடவே கால்சியமும் வைட்டமின் சியும் உள்ள சாப்பாடு.

களிக்கு வருகிறேன். கேழ்வரகில் இரும்பு 100 கிராமுக்கு நான்கு மி.கி.க்கு மேல், பீட்ரூட்டைப்போல் ஐந்து பங்கு. கால்சியம் 340, 360 என்று தானியங்களிலேயே முதல். ஆனால் அதில் ஃபைட்டேட்டும் டானினும் இருப்பதால் இரும்பு முழுசாக இறங்காது. முளைகட்டி அரைத்தால் பிடி தளரும். கூட ஏதாவது புளிப்பு, வைட்டமின் சி உள்ளது இருந்தால் இன்னும் நல்லது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா. கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மி.கி. வரை வைட்டமின் சி. பத்து ரூபாய்க் கொய்யா ஆப்பிளைத் தோற்கடிக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதுதான் நம் ஊர் சனியன். களி தின்று முருங்கைக் கீரை தின்று கடைசியில் ஒரு டீயால் கழுவி விடுகிறோம். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

அசைவம் சாப்பிடுகிற வீடாக இருந்தால் ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல். அதில் இரும்பு 100 கிராமுக்கு 40 மி.கி.யைத் தொடும், அதுவும் உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்கிற வகை. கிழவிகள் சொன்னதில் இது நூற்றுக்கு நூறு உண்மை.


பாலக்கோடு அம்மா
புதன், இரவு 9.50

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இவ்வளவு பேர் உதவினீர்கள், சொல்லத்தான் வேண்டும்.

டாக்டர் அம்மா முதலில் கேட்டது பீட்ரூட்டும் இல்லை கேரட்டும் இல்லை. "ஸ்கூல்ல வாரா வாரம் நீல இரும்பு மாத்திரை குடுக்கறாங்களே, முழுங்கறியா?" என்றார். இவள் தலையாட்டினாள். தலையாட்டின விதத்திலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். காம்பஸ், உடைந்த ஸ்கேல், ஒரு ஹேர்பின், அதற்கடியில் நோட்டுத் தாளில் மடித்து ஏழு நீல மாத்திரை. வியர்வையில் நீலம் தாளில் ஒட்டியிருந்தது. கேட்டால், முதல் வாரம் வெறும் வயிற்றில் போட்டு வாந்தி வந்ததாம். தோழிகள் சிரித்தார்களாம். அதிலிருந்து வாயில் போட்டு, டீச்சர் திரும்பினதும் கைக்குட்டையில் துப்பிவிடுவாளாம்.

மாதவிடாயில் எத்தனை நாள், எத்தனை பேட் என்றும் கேட்டார். ஏழு நாள் போவதை நான் இவ்வளவு நாள் சாதாரணமாக நினைத்திருந்தேன். என் அம்மாவுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். பூச்சி மாத்திரை போட்டாளா என்றார், அதுவும் நினைவில்லை. இப்போது தினம் ஒரு இரும்பு மாத்திரை, ஒரு பூச்சி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்னும் இரண்டு ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

மாமியாரிடம் சொன்னேன். "அந்த மாத்தர மேல பீட்ரூட் கலர்லயா இருக்கு?" என்கிறார்.


அரூர் சித்தி
புதன், இரவு 10.10

வெட்கப்பட என்ன இருக்கிறது? என் பெண் பூந்தொட்டியில் போடுவாள். செம்பருத்தி மட்டும் நன்றாகப் பூத்தது.


கிருஷ்ணகிரி டயட்
புதன், இரவு 10.30

அக்கா, திட்டாதீர்கள் அவளை. குமட்டல் நிஜம்தான். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள், பாலோடும் டீயோடும் வேண்டாம், எலுமிச்சைச் சாறு ஒரு மடக்கு நல்லது. மலம் கருப்பாகப் போகும், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிற பிள்ளைகள் நிறைய. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த இன்னும் இரண்டு பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். இரும்புக் குறைவா, பி12 குறைவா, தலசீமியா மாதிரி பரம்பரையாக வருகிறதா என்று பார்க்கத்தான் அது. எல்லாச் சோகைக்கும் இரும்பு மருந்து இல்லை.

கொக்கிப்புழு இருந்தால் அது குடலில் உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். காட்டில் வெறுங்காலோடு நடக்கிற பழக்கம் இருந்தால் கால் வழியாகவே ஏறும். பள்ளியில் வருஷத்துக்கு இரண்டு முறை கொடுக்கும் மாத்திரை அதற்குத்தான்.


ஓசூர் ஷிப்ட்
வியாழன், காலை 7.45

நான் ஜூஸை விட்டுவிட்டேன். இன்றைக்கு மெஸ்ஸில் கேரட் பொரியல் கேட்டேன். கேரட் தேடிப் பிடிக்க ஒரு பூதக்கண்ணாடியும் கேட்டிருக்க வேண்டும்.


பாலக்கோடு அம்மா
வெள்ளி, இரவு 8.20

பொரியலைத் தொடாதவள் நேற்றைக்கு ஒன்று தின்றாள், அதைச் சொல்ல வந்தேன். பீட்ரூட்டைத் தோலோடு முழுசாகக் குக்கரில் வைத்தேன், சித்தி போனில் சொன்ன மாதிரி. வெட்டி வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் சத்தும் நிறமும் சாக்கடைக்குப் போகும் என்றார். ஆறினதும் தோல் கையோடு உரிந்து வந்தது. துருவி, வேகவைத்த கடலைப்பருப்பு, பச்சை மிளகாய், கெட்டித் தயிர் போட்டுப் பச்சடி. தயிர் ரோஸ் கலரில் மாறினதும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாள். வைத்துவிட்டதால் தின்றுவிட்டாள். கேரட்டைத் துருவிச் சட்னியில் அரைத்துவிட்டேன், அது அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லாதீர்கள்.


தளி தோட்டம்
வெள்ளி, இரவு 9.00

தயிரோடு என்றால் அந்த இலையையும் பொடியாக நறுக்கி வதக்கிப் போடலாம். இந்த வாரம் ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி வண்டி வருகிறது. சொன்னால் இலையோடு பிடுங்கின பீட்ரூட் ஒரு கட்டு ஏற்றிவிடுகிறேன்.


நெறியாளர்
சனி, காலை 11.00

போன் நம்பர்களை இழையில் போடாமல் தனிச் செய்தியில் பரிமாறிக்கொள்ளவும். ஃப்ளோரைடு பற்றித் தொடர விரும்புகிறவர்கள் தனி இழை திறக்கவும். களி கிண்டுவது எப்படி என்ற பென்னாகரம் வாத்தியாரின் 14 பதிவுகள் சமையல் பகுதிக்கு மாற்றப்பட்டுள்ளன.


பாலக்கோடு அம்மா
(இரண்டு மாதம் கழித்து) ஞாயிறு, இரவு 9.05

இழை மேலே வரட்டும் என்று எழுதுகிறேன். நேற்று ரத்தம் பார்த்தோம், 11.2. இரும்புக் குறைவுதான், வேறு கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரையை இன்னும் சில மாதம் நிறுத்தக் கூடாதாம். எண் ஏறினாலும் உள்ளே கிடங்கு நிரம்ப வேண்டும் என்றார் டாக்டர். தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என் கண்ணெதிரே போடுகிறாள், நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுப் போகிறாள்.

தளி அண்ணா அனுப்பின கட்டு வந்தது. இலையைப் பாசிப்பருப்போடு கடைந்தேன். கிழங்கை அவள் தின்றாள், இலையை மாமியார் தின்றார். இப்போது மாமியார், "நான் அன்னைக்கே சொன்னேன்ல, பீட்ரூட்டுதான்" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வருகிறார். வீட்டுக்காரர் கேரட் சட்னிதான் காரணம் என்கிறார். நான் மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன், இரண்டு பேரும் பார்க்கவில்லை.


அரூர் சித்தி
ஞாயிறு, இரவு 9.20

மாமியாரையும் ஒரு தடவை ரத்தம் பார்க்கச் சொல்லு. நீயும் பாரு. ஏழு நாள் என்றாயே.


பாலக்கோடு அம்மா
ஞாயிறு, இரவு 9.45

நானும் பார்த்தேன் சித்தி, அவளோடு சேர்த்து. எனக்கு 9.1.